டாக்டர் டாலிவரின் மரியாதைக் கேடு

புருஷன் வாயைத் திறக்காமல் இருந்தாலே சட்டசபைத் தேர்தலில் ஜெயித்துவிடுவார் என்பது லெட்டிஸ் டாலிவரின் எண்ணம். ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் டாக்டரிடம் மருந்து குடிக்காத உடம்பே கிடையாது. வாய்தான் பயம்.

எங்கள் ஊரில் ஓட்டு என்றால் ஊரறியப் போடுவது. கோர்ட்டு வாசலில் தேர்தலை நடத்தும் ஷெரிப்பின் மேஜை. பக்கத்திலேயே போட்டியிடும் இருவரும். வந்தவர் இன்னாருக்கு என்று உரக்கச் சொன்னால், அந்த இன்னார் எழுந்து குனிந்து நன்றி சொல்ல வேண்டும்.

"நன்றின்னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க," என்று கழுத்துப்பட்டி கட்டிவிடும்போதே லெட்டிஸ் சொல்லி அனுப்பினாள். பெண்களுக்கு ஓட்டு ஏது? எதிரே சத்திரத்து மாடி ஜன்னலில் நின்றுகொண்டாள். நாங்களும்தான்.

முதலில் ஜேபெஸ் வந்தான். "டாக்டர் டாலிவருக்கு!"

"ரொம்ப நன்றி, ஜேபெஸ். கட்டி உடைஞ்சுதா? இப்ப உட்கார முடியுதா?"

வாசலே சிரித்தது. ஜேபெஸ் காது வரை சிவந்தான். வரிசையில் நின்றவர்களுக்கு அவரவர் மூலமும் பேதியும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாதிப் பேர் எதிராளி கர்னல் பீலுக்குப் போட்டார்கள். கர்னல் ஊற்றிய ரம்முக்காகவும்தான், பொய் சொல்வானேன்.

"அடப்பாவி மனுஷா!" என்று லெட்டிஸ் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டருக்குப் பதவி ஆசை இல்லை. பெரியம்மை வராதபடி குழந்தைகளுக்கு அம்மை குத்த இங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதை மாற்றத்தான் கிளம்பினார். அதற்கு முந்தின வருஷம் அவர்கள் மகள் டார்கஸ் அம்மையில்தான் போனாள். குத்தத் தெரிந்த அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் இருவருக்கும் சமமான ஓட்டு. மிச்சம் இருந்தது அவர்கள் சொந்த ஓட்டுதான். கண்ணியமான ஆள் அதை எதிராளிக்குத்தான் போடுவான். அது எங்கள் வழக்கம். அப்போதும் சமம் என்றால் ஷெரிப் தீர்ப்பார். ஷெரிப் கர்னலின் மச்சான்.

"என் நண்பர் டாக்டர் டாலிவருக்கு!" என்றார் கர்னல், பல்லெல்லாம் தெரிய.

டாக்டர் நன்றி சொன்னார்; கால் வீக்கத்தையும் விசாரித்தார். அடுத்தது அவர் முறை. மரியாதை தெரிந்த மனுஷர், கர்னல் பக்கம் திரும்பியும் விட்டார். பிறகு ஏனோ ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

எப்படி இரும வேண்டும், எந்தக் கரண்டியை எடுக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திருத்திவந்த லெட்டிஸ், மெல்லத் தலையை ஆட்டினாள். கர்னலுக்கு வேண்டாம்.

"ஆம்ப்ரோஸ் டாலிவருக்கு," என்றார் டாக்டர்.

"யோவ், தனக்குத் தானேயா!" என்று யாரோ கத்தினான்.

"வெக்கமா இல்லையா ஓய்?" கர்னலின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"ரொம்ப வெக்கமா இருக்கு, கர்னல். ஆனா மாத்திச் சொல்ல மாட்டேன்."

அந்த மரியாதைக் கேட்டை நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் ஜெயித்துச் சட்டசபைக்குப் போய், சட்டம் மாறிய பிறகு டாக்டர் வீட்டு வாசலில் நின்றபோதும் அதையேதான் பேசினோம், பிள்ளைகளின் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டபடி. முதல் ஆளாக நின்றது கர்னலின் பேரன். அவன் அழுதபோது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவள் லெட்டிஸ்.