லூர்துசாமி வரைந்த குழந்தை

காட்சிக்கூடத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஆகவே உள்ளே இருந்த ஓவியங்களுக்கும் ஐம்பது வயது கூடியிருந்தது. இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. தட்டிலிருந்த மாம்பழங்கள் என்றைக்கோ அழுகி, கொட்டை மட்டும் கிடந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவருக்கு வழுக்கை விழுந்து பல்லும் போயிருந்தது. பொன்விழாப் புத்தகத்தில் எல்லாவற்றையும் அப்படியே படம்பிடித்துப் போட்டிருந்தார்கள்.

சகாயராணி புத்தகத்துக்காக வரவில்லை. மகளின் முகத்தைப் பார்க்க வந்தாள். ஜெசிந்தா நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அப்பன் லூர்துசாமி வரைந்த படம் மட்டும்தான். பிள்ளை போன பிறகு அந்த மனுஷன் அதைப் பார்க்கச் சகிக்காமல், புதிதாகத் திறந்த காட்சிக்கூடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர்கள் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். இப்போது அவரும் இல்லை.

சகாயராணிக்கு மகளின் கவுன் நினைவிருந்தது, கொலுசு நினைவிருந்தது. முகம் மட்டும் அழிந்துவிட்டது. பெற்றவளுக்கு மறக்குமா என்று கேட்காதீர்கள். மறக்கும். அதைப்போலக் கொடுமை வேறில்லை.

பொறுப்பாளர் தாமோதரன் அவளை அழைத்துப் போனார். நடக்க நடக்கக் கூடம் நீண்டது. விழா என்றால் நீளத்தான் செய்யும் என்றார் அவர். போகிற வழியில் விதியையும் சொன்னார். இன்னார் என்று அடையாளம் சொல்ல ஆளிருக்கிற படம் சுவரில் ஏறும். ஆளில்லாத படம் கிடங்குக்கே திரும்பும். கிடங்கை இனிமேல் திறப்பதாக இல்லை.

கடைசிப் படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதில் ஐம்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். படத்தின் மரச்சட்டம் சின்னது. முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்த்து, எப்படியோ அடங்கியிருந்தாள். காதோரம் நரை.

சகாயராணி கிட்டே போய்ப் பார்த்தாள். இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

“எங்கம்மா வருவாங்கன்னு அப்பா சொன்னாரு,” என்றாள் படத்திலிருந்தவள். “உங்களை அனுப்பினாங்களா?”

“உங்கம்மா எப்படியிருப்பாங்க?”

அவள் யோசிக்கவே இல்லை. இருபத்தேழு வயது, மாநிறம், முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும், சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும் என்று ஒப்பித்தாள். மறந்துவிடக் கூடாதென்று கிடங்கு இருட்டில் தினமும் சொல்லிப் பார்த்துக்கொள்வாளாம். பிறகு மரியாதைக்குக் கேட்டாள்.

“நீங்க யாரைத் தேடி வந்தீங்க?”

“ஒரு சின்னப் புள்ளைய.”

“எப்படியிருக்கும்?”

சகாயராணி வாயைத் திறந்தாள். பல் தூக்கியிருந்ததா, கன்னம் குழியுமா, ஒன்றும் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

தாமோதரன் சுத்தியலும் ஆணியுமாக நின்றார். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று அவசரப்படுத்தினார்.

“இது யாரும்மா?”

இவளை ஒப்புக்கொண்டால் அந்தச் சின்னப் பிள்ளை இனி எங்கேயும் இல்லை. அது சகாயராணிக்கு நன்றாகவே தெரிந்தது. கிடங்கு இருட்டையும் நினைத்துப் பார்த்தாள்.

“எம் பொண்ணு,” என்றாள். “ஆணியை அடிங்க.”

படம் ஏறியது. நேராக இருக்கிறதா என்று தாமோதரன் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார். வெளிச்சம் பட்டு அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அப்புறம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி பேசினாள்.

“எனக்காகப் பொய் சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க.”

சகாயராணி தலையாட்டினாள்.

“எங்கம்மாவை எங்கயாச்சும் பாத்தா, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க.”

“சொல்றேம்மா,” என்றாள் சகாயராணி.