உப்புத்தண்ணிச் சந்தேகம்

அல்போன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்னாகரம், பொம்மிடி என்று வேலை பார்த்த ஊரிலெல்லாம், பக்கத்துக்காட்டுக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்ற புகாரைக் கேட்டுக் கேட்டே அவருக்குத் தலை நரைத்தது. அதனால், தருமபுரிக்கு வெளியே கட்டிய வீட்டின் வாசலில் போட்டிருந்த புல்தரையில் ஓரிடம் காய்ந்தபோது அவர் புல்லைப் பார்க்கவில்லை. நேராக மதிலைப் பார்த்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நஞ்சம்மாள் வீடு. கணவர் இல்லை. மகனுக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து போவான். முட்டி ஆபரேஷன் ஆன நஞ்சம்மாளைத் தினமும் சமதரையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், இல்லாவிட்டால் கால் விறைத்துப்போகுமாம். தெருவோ ஜல்லி கொட்டிப் பாதியில் விட்ட தெரு. அல்போன்சின் மனைவி ரோசம்மாதான் மதிலில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, "எங்க புல்லுல வந்து நடங்க நஞ்சம்மா, வுழுந்தாலும் அடிபடாது" என்று கூப்பிட்டார். சாயங்காலமானால் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடப்பார்கள். நஞ்சம்மாள் குச்சியைக்கூட விட்டுவிட்டார்.

புரட்டாசியில் மதிலோரம், நஞ்சம்மாள் வீட்டு வேப்பமர நிழலில், ஒரு முறம் அளவுக்குப் புல் பழுப்பாகியது. நஞ்சம்மாள் ராத்திரியில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பது தெருவுக்கே தெரியும். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறார்? இந்தக் கேள்வி வந்தபிறகு சர்வேயருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தம்மாதான் மதில் மேல இருந்து கொட்டுது. உப்பு பட்டா புல்லு கருகாதா?"

"ஏங்க, அங்க நடக்கறதே அவங்கதான். நடக்கற எடத்துல யாராச்சும் ஊத்துவாங்களா?" என்றார் ரோசம்மா.

"அப்பிடி நெனைப்போம்னுதான் ஊத்துது."

இந்த மூளைக்கு முன்னால் காக்காகூடக் குற்றவாளிதான். காய்ந்த இடத்தில் காக்காவும் மைனாவும் வந்து கொத்தியதும், அவற்றை வரவழைக்கத்தான் நஞ்சம்மாள் மதில்மேல் சோறு வைக்கிறார் என்று முடிவுகட்டி, கல்லெறிந்து விரட்டினார்.

அடுத்து, சின்னக் கதவுக்குப் பூட்டு வந்தது. "துரு புடிச்சிருக்குது, சரிபண்ணணும்" என்று நஞ்சம்மாளிடம் கூசாமல் பொய் சொன்னார். வேப்பமரத்தை ஒட்டி, பொழுது சாய்ந்தால் தானாக எரியும் பெரிய எல்இடி விளக்கு ஒன்றையும் மாட்டினார். யார் வந்து ஊற்றினாலும் தெரிந்துவிடுமாம்.

"அண்ணா, அந்த லைட்ட கொஞ்சம் திருப்பி வெக்கறீங்களா? ஜன்னல்ல கண்ணு கூசுது" என்று மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டார் நஞ்சம்மாள்.

"பாம்பு நடமாட்டம் இருக்குதுங்கம்மா."

நஞ்சம்மாள் விளக்கைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். காய்ந்த புல்லையும் பார்த்தார். மறுநாள் அவருடைய ஜன்னலில் ஒரு போர்வை தொங்கியது.

அடுத்த வருஷம் கோடை மழை பெய்ததும் அந்த விளக்கை மொய்த்துக்கொண்டு பழுப்பு வண்டுகள் வந்தன. காலையில் ரோசம்மா அவற்றை முறத்தில் அள்ளினார். மழை பெய்தால் வண்டு வரும்தானே என்று அல்போன்ஸ் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. ஆடியில் புல்தரை முழுக்கப் பழுத்தது. பூட்டியிருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனாலும் காய்கிறது என்றால் அந்தம்மா எவ்வளவு பெரிய ஆள்!

மண்ணைச் சோதனைக்கு அனுப்பி உப்பை நிரூபித்துவிட வேண்டும் என்று களைக்கொத்தோடு போனார். ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்தார். வேரே இல்லாமல் பாய் சுருட்டுவதுபோல் வந்துவிட்டது. அடியில் வெள்ளை வெள்ளையாய், பழுப்புத் தலையோடு கொழுத்த புழுக்கள் சுருண்டு கிடந்தன. அதைப் பார்த்தும் அவருக்கு முதலில் தோன்றியது, இதையும் அந்தம்மாதான் கொண்டுவந்து போட்டிருப்பார் என்பதுதான். இந்த மனுஷரை என்ன செய்ய?

புழுவை டப்பாவில் போட்டுக்கொண்டு டவுனில் உரக்கடைக்குப் போனார். கடைக்காரர் கனிமொழி விவசாயப் படிப்பு படித்தவர்.

"வேர்ப்புழுங்க சார். நெலக்கடலைக்கு வர்றதுதான், புல்லு வேரையும் வுடாது."

"யாராச்சும் கொண்டாந்து போட்டிருக்கலாமா?"

"வண்டுதான் சார் போடும்" என்று சிரித்தார் கனிமொழி. "கோடை மழைக்கு மண்ணுல இருந்து கெளம்பும். வேப்பந்தழைய தின்னுட்டு பக்கத்து மண்ணுலயே முட்டை வெக்கும். வேப்பமரம் இருக்குதுங்களா?"

"பக்கத்து வூட்டு மரம்!" சர்வேயர் முகம் மலர்ந்தது.

"மரத்துகிட்ட லைட்டு ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

அல்போன்ஸ் புழு டப்பாவின் மூடியை இன்னும் இறுக்கி மூடினார்.

"போட்டிருந்தா அக்கம்பக்கத்து வண்டெல்லாம் அங்கதான் வரும் சார். போன வருசம் கொஞ்சமா இருந்தது இந்த வருசம் முழுசா பரவிருக்கும். காக்கா வந்து கொத்துச்சுங்களா? வெரட்டாதீங்க, அது புழுவத்தான் தின்னுது."

செத்த புல்லை உரித்து, மண்ணைக் கொத்திவிட்டு, பறவைகள் பொறுக்கியதும் பூஞ்சாணப் பொடியை நன்றாக மக்கின எருவில் கலந்து தூவி ஈரம் காயாமல் வைக்கச் சொன்னார். மீதிப் புழு அந்தப் பூஞ்சாணம் பிடித்துச் சாகுமாம். "மொதல்ல அந்த லைட்ட கழட்டிருங்க."

வீட்டுக்கு வந்ததும் விளக்கைக் கழற்றினார். கதவைத் திறக்கப் போனால், பூட்டு இப்போது உண்மையிலேயே துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. சத்தம் கேட்டு நஞ்சம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவின் நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினார். முட்டி மடங்கவில்லை. அல்போன்ஸ் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நஞ்சம்மா, நீங்க உப்புத்தண்ணி ஊத்துறீங்கன்னு நெனச்சு பூட்டிட்டேன். புழுங்க அது. என் லைட்டுதான் கூட்டியாந்திருக்குது. தப்பு பண்ணிட்டேன். நல்லா நடந்துட்டிருந்த கால் என்னங்க இப்பிடி ஆயிருச்சு?"

"எனக்கு அப்பவே தெரியும்ங்கண்ணா." நஞ்சம்மாள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அல்போன்சை இன்னும் சுட்டது. "நடக்கறதுக்கும் எடமில்ல. உப்புத்தண்ணியில ஊறவெச்சா வலி கொஞ்சம் கொறையும். ஆனா அந்தத் தண்ணிய நான் எங்க ஊத்துனாலும் உங்க லைட்டு பாத்துட்டே இருந்துச்சு. அதனால ஊறவெக்கறதையே வுட்டுட்டேன்."