கணக்குத் தேர்

“டைப் அடிக்க ஒரு பொண்ணு இருந்துச்சின்னு பேப்பர்ல சொல்லியிருக்கீங்களே சார், அது நானா?”

போனில் சிவசுப்ரமணியன் சிரித்தார். “அட, ஞானமேரியா! எங்கம்மா இருக்க?”

“கடலூர்லயேதான் இருக்கேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“பேர் வரலன்னு வருத்தமா? பேப்பர்காரன் வெட்டிட்டாம்மா.”

“பேர விடுங்க. ‘கணக்குத் தேர்’ யார் எழுதினது?”

“யோசனை என்னுது. கம்பெனி என்னுது. நீ டைப் அடிச்ச. இத்தினி வருசம் கழிச்சு இதுக்கெல்லாமா சண்டை? சிதம்பரத்துல எனக்குப் பாராட்டு விழா வச்சிருக்காங்க. முதல் தமிழ் கம்ப்யூட்டர் விளையாட்டுன்னு சொல்றாங்க. நீயும் வா. முன்னாடி ஒக்காந்து பாரு, காப்பி குடிச்சிட்டுப் போ.”

“வரேன் சார்.”

அவர் வைப்பதற்குள் ஞானமேரி வைத்துவிட்டாள்.

அது 1986-ல் நடந்த வேலை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறை. டிவியில் இணைத்து ஓட்டுகிற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று. அதன் தலையில் சொருகுவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதைத்தான் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். அதற்குள் இருக்கும் சிப்பில் விளையாட்டு. ஒவ்வொரு கட்டத்தையும் வரைபடத் தாளில் பென்சிலால் நிரப்பி, எண்ணாக மாற்றி, சிப்பில் ஏற்றியவள் ஞானமேரி. சிவசுப்ரமணியன் அதைச் சென்னைப் பொருட்காட்சிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது பரிசு அவர் பெயரில் இருந்தது. கம்பெனி அடுத்த ஆண்டே மூடிக்கொண்டது. செய்த கார்ட்ரிட்ஜுகள் போன இடம் தெரியவில்லை.

இப்போது ஒன்று கிடைத்திருந்தது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் பிரீதா என்பவளுக்குப் பழைய கார்ட்ரிட்ஜுகளைத் தேடிப் பிடித்து, எதுவென்று கண்டுபிடித்துப் பாதுகாப்பதில் பைத்தியம். பரங்கிப்பேட்டையில் குவைத்திலிருந்து திரும்பிய ஒருவரின் வீட்டுப் பரணில், அரபு எழுத்துப் போட்ட கார்ட்ரிட்ஜுகளோடு, லேபிள் உரிந்துபோன ஒன்றும் கிடந்தது. அதன் படத்தை அவள் பேப்பரில் போட, அது தன்னுடையது என்று சிவசுப்ரமணியன் வந்து நின்றார்.

ஞானமேரி பஸ் பிடித்துச் சிதம்பரம் வடக்கு வீதியில் பிரீதாவின் வீட்டுக்குப் போனாள்.

“நீங்கதான் எழுதினீங்கன்னு எப்படிக்கா நம்புறது?” என்றாள் பிரீதா. “சார் பார்த்த ஒடனே, என்னுதுன்னு சொல்லிட்டாரே.”

“தெறக்கச் சொன்னாரா?”

“இல்ல. கையில வச்சு போட்டோ எடுத்துக்கிட்டாரு.”

“நீ தெறந்தியா?”

“ஒடைஞ்சிடுமோன்னு பயம்.”

“தெற. உள்ள ஒரு செவப்பு ஒயர் ஓடும். எல்லா போர்டுலயும் ஒரு கோடு விட்டுப்போச்சு, ஒவ்வொண்ணுலயும் நான்தான் ஒயர் வச்சு ஒட்டினேன். அப்ப ஓரத்துல பிளாஸ்டிக் கொஞ்சம் உருகிச்சு.”

பிரீதா திருகாணியைக் கழற்றினாள். சிவப்பு ஒயர் இருந்தது. மூலையில் பிளாஸ்டிக் சுருங்கியிருந்தது.

“அக்கா…” என்றாள். குரலே மாறிவிட்டது.

“இத வச்சு மேடையில ஒண்ணும் பண்ண முடியாது. ‘நான்தான் ஒட்டச் சொன்னேன்’னுடுவாரு. ஓடுதான்னு பாரு.”

கார்ட்ரிட்ஜின் சொருகும் முனையில், கடற்காற்றில் பச்சை பூத்திருந்த செம்புப் பற்களை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பிரீதா துடைத்தாள். “மொதல்ல சிப்புல இருக்கிறத அப்படியே காப்பி எடுப்பேங்க்கா. ஒரு புள்ளி மாத்த மாட்டேன். தப்பு இருந்தா தப்போடதான் வைப்பேன். அதான் எங்க முறை.”

டிவியில் தேர் வந்தது. கட்டம் கட்டமாய், சற்றே கூனலாய். நான்கு பக்கமும் கீ, தெ, மே, வ என்று வீதிப் பெயர்களின் முதலெழுத்துகள்.

“கணக்கு எல்லாத்தையும் போட்டு முடிச்சாத்தான் தேரு நாலு வீதியும் சுத்தும்,” என்றாள் ஞானமேரி. “ரொம்பக் கஷ்டம். முடிச்சவுங்க யாரையும் நான் பார்த்ததில்ல.”

“சார்?”

“ரெண்டாவது கணக்குலயே எழுந்து பீடி புடிக்கப் போயிடுவாரு.”

பிரீதா எல்லாவற்றையும் முடித்தாள். தேர் கீழ வீதியிலிருந்து அசைந்து கிளம்பியது. அடுத்த நொடி அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“அய்யோ, அக்கா! தேரு தப்பா போவுது!”

“என்ன தப்பு?”

“கீழ வீதியிலேருந்து தெற்கு வீதிக்கில்ல போவணும்? இது வடக்கால திரும்புது. சாமிய எடப்பக்கமா சுத்தவே கூடாதுக்கா. சாவுலதான் அப்படிச் சுத்துவாங்க. சிதம்பரத்துல கொழந்தைக்குக்கூட இது தெரியும்.”

ஞானமேரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க மாதா தேரு எடப்பக்கமாத்தான் கெளம்பும். அந்தப் பக்கம்தான் ரோடு அகலம். அத மனசுல வச்சுப் போட்டேன். வீதி பேர சார்கிட்ட கேட்டேன், நாலு பேரையும் சொன்னாரு. எந்தப் பக்கம் போவும்னு நான் கேக்கல, அவரும் பார்க்கல.”

“விழாவுல இத ஓட்டினா ரகளையாயிடும். சார்கிட்ட முன்னாடியே சொல்லிடட்டா?”

“அவரு பொறந்தது எந்த வீதி?”

“மேல வீதி.”

ஞானமேரியின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பிரீதாவுக்கு அது பிடிக்கவில்லை.

“சொல்லாத. தப்போடதான் வைப்பேன்னு நீதான சொன்ன? அப்படியே வை.”

“என்னை ஏங்க்கா இதுல இழுக்கறீங்க?”

“பொய் சொல்லச் சொன்னனா? என்னுது என்னுதுங்கறாரு. அவருதுன்னே ஓட்டட்டும்.”

“உங்களுக்கும் கெட்ட பேரு வருமே.”

“டைப் அடிச்ச பொண்ணுங்கற பேர விடவா?”

ஆனி மாதம். விழா நடந்த மண்டபம் கீழ வீதியில் இருந்தது. வெளியே நிஜத் தேருக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே முன்வரிசையில் சிவசுப்ரமணியனின் அக்கா அகிலாண்டம் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் ஞானமேரி.

“இதுல ஒவ்வொரு புள்ளியும் நான் வச்சது,” என்றார் மேடையில் சிவசுப்ரமணியன்.

பிரீதாவால் பொறுக்க முடியவில்லை. “கடைசி காட்சியும் உங்களுதுதானா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“கடைசி காட்சிதாம்மா இதுக்கு உயிரு! சிதம்பரத்துக்காரன் கற்பனை அது!”

கைதட்டல். பெரிய திரையில் கணக்குகள் வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் விழிக்க, கூட்டம் விடையைக் கத்தியது. அவர் விசையைத் தட்டினார்.

“உங்க தம்பி நல்லா டைப் அடிக்கிறாரு,” என்றாள் ஞானமேரி.

“அவன் எல்லாத்துலயும் கெட்டிக்காரன்,” என்றார் அகிலாண்டம் பெருமையாக.

கடைசிக் கணக்கு முடிந்தது. தேர் கிளம்பியது. யாரோ “சிவசிவ!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேர் வடக்கே திரும்பியது. போட்ட கை அப்படியே நின்றது.

“என்னய்யா இது, வடக்கு வீதிக்குப் போவுது?”

“எடமா சுத்துதுடா!”

அகிலாண்டம் எழுந்துவிட்டார். “டேய் சிவா! கொள்ளிக்கொடம் தூக்கிட்டுச் சுத்துற மாதிரி சாமியச் சுத்த விட்டிருக்கியே! நம்ம வீட்டு வாசல்ல நின்னு போற தேருடா! ஆனி மாசத்துல இதப் பார்க்கவாடா என்னை இட்டாந்த?”

“மிஷின் கெட்டுப்போச்சு அக்கா…”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “ஒவ்வொரு புள்ளியும் நான் வச்சதுன்னீரே?”

“மேல வீதிக்காரன் பண்ற வேலையாய்யா இது?”

சிவசுப்ரமணியன் முன்வரிசையைப் பார்த்தார். ஞானமேரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கையை நீட்டினார்.

“நான் எழுதல! அவதான்! கடலூர் வேதக்காரப் பொண்ணு, ஞானமேரி! ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் அவதான் எழுதினா! நான் ஒரு எழுத்துத் தொடல!”

ஞானமேரி எழுந்தாள்.

“மைக்குல சொல்லுங்க சார். பின்னாடி இருக்கிறவுங்களுக்குக் கேக்கல.”

அவர் மைக்கைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் சொன்னார். மண்டபம் முழுக்கக் கேட்டது. பேப்பர்காரன் எழுதிக்கொண்டான்.

அகிலாண்டம் ஞானமேரி பக்கம் திரும்பினார். “ஏண்டி பொண்ணே, எடம் வலம் தெரியாதா உனக்கு?”

“அப்ப தெரியாதுங்கம்மா. தப்பு என்னுதுதான்.” கூட்டத்தைப் பார்த்து இன்னும் உரக்கச் சொன்னாள். “எல்லாமே என்னுதுதான்.”

சிலர் திட்டினார்கள். அவள் தலை குனியாமல் கேட்டுக்கொண்டாள். பொன்னாடை மேசை மேல் மடித்தபடியே கிடந்தது.

பிரீதா கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் வைத்து, புது லேபிளில் ஞானமேரியின் பெயரை எழுதி ஒட்டினாள். “தேரைத் திருப்பி இன்னொரு காப்பி போடட்டாக்கா? இது இப்படியே தனியா இருக்கட்டும்.”

“ஒண்ணே ஒண்ணு போதும். இதுவே இருக்கட்டும்.”

வாசலில் மூங்கில் குவியலுக்குப் பக்கத்தில் சிவசுப்ரமணியன் தனியாக நின்றிருந்தார். அக்கா அவரை விட்டுவிட்டு ரிக்‌ஷாவில் போய்விட்டிருந்தார்.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஞானமேரி. மானத்தக் காப்பாத்தியிருக்கலாம். உனக்குத் தெரியும்ல?”

ஞானமேரி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“டைப் அடிக்கிறவளுக்கு என்ன சார் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, கடலூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.