அம்மை குத்தாத லார்னா

போர்ட்லாண்டில் குன்றின் மேல் இருந்த ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். இரத்தம் எடுப்பது, அதிலிருந்து வெள்ளையணுக்களைப் பிரிப்பது, கணக்கெடுப்பது என் பொறுப்பு. 2004-ஆம் வருடம் பெரியம்மைத் தடுப்பூசியைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. சிறு வயதில் அம்மை குத்திக்கொண்டவர்களின் உடம்பு ஐம்பது வருடம் கழித்தும் அதை நினைவில் வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. குத்திக்கொண்டவர்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் குத்தாதவர்கள் வேண்டும். அவர்களைத்தான் வலைவீசித் தேட வேண்டியிருந்தது.

பத்திரிகையில் எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு லார்னா ஹேகன் வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கிழக்கே காண்டன் ஊர்ப் பக்கம் கோதுமைப் பண்ணையில் பிறந்தவள். அவள் அப்பா ஒரு சிறிய ஜெபக்கூடத்துப் போதகர். ஊசி போட்டுக்கொள்வது கடவுளை நம்பாத செயல் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடத்துக்கே கடிதம் எழுதி விலக்கு வாங்கியிருந்தார். லார்னாவின் அண்ணன் லைஃப் ஏழு வயதில் தொண்டை அடைப்பான் வந்து செத்தான். அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை.

இதையெல்லாம் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள். அப்பாவைப் பற்றிச் சொன்னபோது குரலில் ஒன்றும் இல்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் கசந்தது.

"அவராவது நம்பினதைச் செஞ்சாரு. எங்கம்மாவுக்கு அதுல நம்பிக்கையே கிடையாது, கண்ணு. ஆனாலும் வாயைத் தொறக்கல. புள்ளையப் பறிகொடுத்தும் தொறக்கல."

பதினேழு வயதில் வீட்டை விட்டு வந்தவள், அம்மாவின் அடக்கத்துக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

அவள் வெள்ளையணுக்களோடு தடுப்பூசிக் கிருமியைச் சேர்த்து வைத்தேன். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் இருந்தால் சில மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும். சாயம் போட்டுக் கருவியில் ஓட்டினால் ஒளிரும். லார்னாவிடம் ஒன்றும் ஒளிரக் கூடாது. பத்தாயிரத்துக்கு ஆறு ஒளிர்ந்தது. குழாயை மாற்றிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தலைமை ஆய்வாளர் பிங்கர்ட்டும் அதையேதான் நினைத்தார். நேராகச் சொல்லவில்லை, மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவையும் ஆறு. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளும் இருந்தது.

அவளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரிய வேண்டும். பட்டாளத்தில் இருந்தீர்களா, அம்மை குத்திய யாருடைய புண்ணாவது உங்கள்மேல் பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். கைகள் இரண்டையும் முதல் நாளே பார்த்திருந்தோம், தழும்பு இல்லை. வேறு எங்காவது இருக்கிறதா என்றேன்.

"தொடையில ஒண்ணு இருக்கு. அது சூடு. அஞ்சு வயசுல அடுப்புல விழுந்துட்டேனாம்."

திரைக்குப் பின்னால் காட்டினாள். பட்டாணி அகலத்துக்கு வட்டமாக, உள்ளே குழிந்து, புள்ளி புள்ளியாக இருந்தது. அடுப்புச் சூடு அப்படி ஆறாது. அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்குத் தழும்பு வெளியே தெரியக்கூடாது என்று தொடையில் குத்துவது உண்டு. சொன்னேன்.

அவள் அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, இரத்தம் பொய் சொல்லுமா என்று கேட்டாள்.

"அம்மை குத்தினா, அந்தக் கிருமியைத் தெரிஞ்சுக்கிற டி செல் லட்சக்கணக்காப் பெருகும், லார்னா. வேலை முடிஞ்சதும் பெரும்பாலும் செத்துடும். கொஞ்சம் மட்டும் தங்கும். அதுதான் நினைவு. நோயே வந்தாலும் அப்படித்தான், ஆனா உங்களுக்குப் பெரியம்மை வந்ததில்லை. கிருமியை நேர்ல பாக்காம அதுங்க இவ்வளவு தங்காது."

அவளுடைய சித்தி ஆல்மா பெண்டில்டன் என்ற ஊரில் உயிரோடு இருந்தாள். அந்தச் சனிக்கிழமையே லார்னா வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை எனக்குப் போன் செய்தாள்.

நடந்தது இதுதான். லைஃப் செத்த மறு வசந்தத்தில், முட்டை விற்கப் போகிறேன் என்று அம்மா லார்னாவை லாரியில் ஏற்றிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். சித்தி பிடித்துக்கொள்ள, சுகாதாரத் தாதி கையில் தொண்டை அடைப்பானுக்கு ஊசி போட்டாள். தொடையில் அம்மை குத்தினாள். ஊசி போட்ட இடம் தெரியவில்லை. தொடைப் புண் பழுத்துக் காய்ச்சல் வந்தபோது, பிள்ளை அடுப்பில் விழுந்துவிட்டாள் என்று அம்மா கணவனிடம் சொன்னாள். அவர் மூன்று நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். அடுத்த ஊசிகளுக்கும் முட்டை விற்கத்தான் போனார்கள். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்ததால் சித்தி யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா போன பிறகாவது அம்மா தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று லார்னா கேட்டிருக்கிறாள்.

"சொல்லலாம்னுதான் அவ காத்திருந்தா. நீ எங்கடி வந்த?" என்றாளாம் சித்தி.

அதை என்னிடம் சொல்லிவிட்டு லார்னா போனிலேயே அழுதாள். வெறுத்ததற்காக அழுகிறாளா, தெரிந்துகொண்டதற்காகவா என்று கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆய்வில் அவளைக் குத்திக்கொண்டவர்கள் பிரிவுக்கு மாற்றினோம். குத்தாதவர் இன்னொருவர் கிடைக்க எங்களுக்குப் பதினோரு மாதம் பிடித்தது.

செப்டம்பரில் லார்னா சொல்லாமல் வந்து நின்றாள். கூடவே எண்பத்து மூன்று வயது ஆல்மா, சிவப்புத் தொப்பியோடு. வரும் வழியில் இருவரும் காண்டனில் இறங்கி, கல்லறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று லார்னா சொல்லவில்லை. முகம் தெளிந்திருந்தது. கிழவிதான் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டுல குத்தினது. இவளை விடப் பழசு. என்னோடது இன்னும் முழிச்சிருக்கான்னு பாத்துச் சொல்லு."

முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.