வேலை கிடைத்தவர்களைக் காணோம்

ஐஸ் டீச்சர் என்ற பெயர் அவர் கற்றுக்கொடுத்த பாடத்தால் வந்ததே தவிர, குணத்தால் வந்ததல்ல. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் பிரிவு அவருடையது. கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். அன்று காலை மட்டும் போவேனா என்று உட்கார்ந்துகொண்டது.

"எட்டுப் பேராவது வேணும் டீச்சர்" என்றார் முதல்வர். "பதினாறு பேர் சேர்ந்தாங்க. பாதிப் பேராவது கடைசிப் பரீட்சையை முடிக்கணும். இல்லைன்னா அடுத்த வருஷம் உங்க பிரிவுக்கு மேலேருந்து பணம் வராது. பணம் வரலைன்னா இழுத்து மூட வேண்டியதுதான். இப்ப வகுப்புல எத்தனை பேர் இருக்காங்க?"

"மூணு."

"மத்தவங்க?"

"வேலைக்குப் போயிட்டாங்க சார்."

"அப்ப, இடையில நின்னவங்க."

"எங்க சார் நின்னாங்க? ஓடிக்கிட்டு இருக்காங்க! ஊர்ல பாதி ஏசி அவங்க கை பட்டுத்தான் ஓடுது. வேலை கிடைக்கணும்னுதானே அரசாங்கம் பணம் குடுக்குது? கிடைச்சிடுச்சு, போயிட்டாங்க. இதுல என்ன குத்தம்?"

"முடிச்சுட்டுப் போனா சாதனை, முடிக்காமப் போனா தோல்வி. இந்தக் கணக்கை நானா போட்டேன்?" என்று முதல்வர் கையை விரித்தார். பாவம், அவரும் மேலேயிருந்து வாங்கியதைத்தான் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

மேலே இருப்பவர்களையும் ஒரேயடியாகத் திட்டிவிட முடியாது. சேர்ந்த மறுநாளே காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லியே வருடம் முழுக்கப் பணம் வாங்கிய நிலையங்கள் முன்பு இருந்தன. அந்தத் தில்லுமுல்லை நிறுத்தத்தான் இந்த விதியைப் போட்டார்கள். ஏமாற்றுக்காரர்களுக்குப் போட்ட சுருக்கு, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் கழுத்தில் வந்து விழுந்தது.

இதில் வெளியே சொல்ல வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. டீச்சரின் மாணவர்களைக் கொத்திக்கொண்டு போனது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். பக்கத்துத் தெருவில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருந்தான். வெயில் ஏறத் தொடங்கியதும் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் பயிற்சிக்கூடத்துக்கு வருவான். யாருக்குக் கை நிதானம், யார் செம்புக் குழாயைப் பிசிறில்லாமல் பற்றவைக்கிறார்கள் என்று நோட்டம் விடுவான். அடுத்த வாரம் அந்த ஆள் வகுப்பில் இருக்கமாட்டார்.

டீச்சர் விறுவிறுவென்று நடந்து கடைக்குப் போனார். வாசலிலிருந்து உள்சுவர் வரை பழுதான ஏசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நடுவே தம்பி, இரண்டு காதிலும் இரண்டு போனோடு இருந்தான்.

"என் பிள்ளைங்களைத் திருப்பிக் குடுடா."

"என்னக்கா, நான் என்னவோ கடத்திட்டு வந்த மாதிரி பேசறே! நீ நல்லா சொல்லிக் குடுத்தே, நான் நல்ல சம்பளம் குடுக்கறேன். ஊர் உலகத்துல இதைத்தான் வளர்ச்சின்னு சொல்றாங்க."

"பரீட்சைக்கு ஒரே ஒரு நாள் அனுப்பு."

"சீசன்ல ஒரு நாளா? கஸ்டமருங்க என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. மழை வரட்டும், மொத்தப் பேரையும் அனுப்பறேன்."

"மழை வர்றப்ப என் பிரிவே இருக்காது. அப்புறம் அடுத்த சீசனுக்கு ஆளுக்கு எங்கடா போவே? வானத்துலேருந்தா குதிப்பாங்க? தனியார்ல ஃபீஸ் கட்டிப் படிச்சவங்க உன் கடைக்கா வருவாங்க?"

தம்பி இரண்டு போனையும் கீழே வைத்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி வருடாவருடம் ஆள் வருவதைத்தான் அவன் பார்த்திருந்தான். தொட்டியை யார் நிரப்புகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அனுப்பணும்னுதான் இருக்கு. ஆனா இந்த மலையை யாருக்கா முடிக்கறது?" என்று ஏசிக் குவியலைக் காட்டினான்.

டீச்சர் அந்தக் குவியலைப் பார்த்தார். பயிற்சிக்கூடத்தில் அரசு வாங்கிக்கொடுத்த புத்தம்புது ஏசிகள் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தன. உத்தரவாதக் காலம் முடியும் வரை அவற்றைத் திறக்கக் கூடாது, திறந்தால் தணிக்கையில் கேள்வி வரும். அதனால் மாணவர்கள் அவற்றைத் துடைக்க மட்டுமே கற்றிருந்தார்கள். பழுதுபார்த்தது முழுக்கக் காயலான் கடை ஃப்ரிட்ஜுகளைத்தான், அவற்றின் நோய்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பரீட்சைக்கு வைக்க உருப்படியான பழுது ஒன்றுகூட அவர் கைவசம் இல்லை. இங்கேயோ பழுதுகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"வண்டியை எடுடா. எல்லாத்தையும் ஏத்து" என்றார்.

பரீட்சை நாளன்று தம்பியின் வண்டி மூன்று நடை அடித்தது. மேலிடத்திலிருந்து வந்த தேர்வதிகாரி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஏசிகளைப் பார்த்தார்.

"இது எல்லாம் நிலையத்துச் சொத்தா?"

"இல்லைங்க மேடம். பரீட்சை இங்க நடக்கணும், நீங்க கூட இருக்கணும், மெஷின் பழுதா இருக்கணும். விதி அவ்வளவுதான் சொல்லுது. யாரோட மெஷின்னு எங்கயும் போடலை" என்றார் டீச்சர்.

தேர்வதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டு, "ஆரம்பிங்க" என்றார்.

வகுப்பில் மிஞ்சியிருந்த மூன்று பேரோடு கடையிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்டுக்கு மேலேயே இருந்தார்கள். சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினார்கள், குழாய் அறுத்தார்கள், கேஸ் நிரப்பினார்கள். தம்பி மட்டும் கால் தரையில் பாவாமல், "கொஞ்சம் சீக்கிரம், டாக்டர் வீட்டுலேருந்து போன் மேல போன்" என்று அலைந்துகொண்டிருந்தான்.

"நீங்க யாரு?" என்றார் தேர்வதிகாரி.

"நான்... மெஷினுக்கெல்லாம் துணைக்கு வந்தவன் மேடம்."

"வெளியில நின்னு துணையா இருங்க."

முதலில் முடித்தவள் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். முன்பு துணிக்கடையில் நின்று கால் வீங்கி, அதை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தவள். அவள் சரிசெய்த ஏசி சில்லென்று காற்று விட, தேர்வதிகாரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கடையில வேலை பாக்கறீங்க, சம்பளமும் வருது. அப்புறம் இந்தச் சான்றிதழ் உங்களுக்கு எதுக்கும்மா?"

"எனக்கு ஒண்ணுக்கும் வேணாம் மேடம்" என்றாள் ரேடியோ.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாய் இன்றைக்கு எல்லாவற்றையும் கெடுத்துவிடப்போகிறது என்று நினைத்தார்.

"எங்க முதலாளி சான்றிதழைக் கேக்கறதே இல்ல, மெஷின் ஓடுதான்னுதான் கேப்பாரு. ஆனா நாங்க வரலைன்னா பிரிவை மூடிடுவாங்கன்னு சொன்னாங்க. என் தங்கச்சி அடுத்த வருஷம் இங்கதான் சேரணும். காசு குடுத்து வேற எங்கயும் படிக்கவைக்க எங்க வீட்டுல வழியில்ல. இதோ, இவனுக்கு ஒரு தம்பி இருக்கான். அதோ, அவங்களுக்கு ஒரு அண்ணி. எல்லாரும் இங்கதான் படிக்கணும். அதான் வந்தோம்."

தேர்வதிகாரி பேனாவை எடுத்து அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். அடுத்த ஏசிக்குப் போகும்போது முதல்வரிடம் மெதுவாக, "இந்தப் பதிலை எழுத எங்க படிவத்துல இடமே இல்லையே" என்றார்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட நன்றி கெட்டவர்கள் என்று டீச்சர் இத்தனை நாளும் மனசுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். தான் தாங்கிப் பிடிப்பதாக நினைத்த பிரிவை அவர்கள் வந்து தாங்கிக்கொண்டு நின்றார்கள். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அழுகிற முகத்தைக் காட்டப் பிடிக்காமல், துணி போர்த்திய ஒரு புது ஏசியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஓடத் தொடங்கிய ஏசிகளை வண்டியில் ஏற்றினார்கள். எல்லோரும் தேறியிருந்தார்கள். பிரிவு பிழைத்தது. தம்பி கயிற்றை இறுக்கிக்கொண்டே ரேடியோவிடம், "உன் தங்கச்சிக்கும் உன்னை மாதிரியே கை நிதானமா இருக்குமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் அவளைத் தனியே இழுத்தார்.

"உன் தங்கச்சியை நானே சேத்துக்கறேன். ஆனா ஒண்ணு, அவளாவது கடைசி வரைக்கும் இருந்து படிக்கணும்."

"அதை என்கிட்ட சொல்லி என்ன டீச்சர் பிரயோஜனம்?" என்றாள் ரேடியோ. "உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."