பிப்ரவரி முப்பதுக்கு யார் பொறுப்பு

2008-ஆம் வருஷம் சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் நானூற்றுப் பதின்மூன்று வீடுகளுக்கு மட்டும் பிப்ரவரி 30 வந்தது. மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை முடிந்ததும் மார்ச் ஒன்று, சனிக்கிழமை விடிந்தது. இந்த வீடுகளில் நடுவே ஒரு பகல் முழுசாக இருந்தது. வெயில் சுமாராக அடித்தது. குழாயில் தண்ணீர் வந்தது.

அந்த நாளை உண்டாக்கியது சிவகாசி மெகருன்னிசாவின் சாஃப்ட்வேர். அத்தா ஜெய்லானியின் பேப்பர் கடைக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து, தினசரி காலண்டர் தாள்களை அடுக்கித் தரும் புரோகிராம் ஒன்றை எழுதி ஓர் அச்சகத்துக்குக் கொடுத்திருந்தாள். மாதத்துக்கு எத்தனை நாள் என்று தட்டினால் போதும். கிழமை, ராகுகாலம், எமகண்டம், நோன்பு, திருவிழா எல்லாம் தானே வந்து உட்காரும். சீசன் நெரிசலில் ஆபரேட்டர் பாண்டிச்செல்வி பிப்ரவரிக்கு முப்பது என்று தட்டிவிட்டாள். உறுதிதானா என்று புரோகிராம் இங்கிலீஷில் கேட்டது. கம்ப்யூட்டர் எது கேட்டாலும் ஆமான்னு அமுக்கு, அப்பத்தான் வேலை நகரும் என்று அச்சகத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அமுக்கினாள்.

ஆர்டர் கொடுத்தவர் சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி உக்கிரபாண்டி. தொழிலாளிகள் வீட்டுக்கெல்லாம் புதுவருஷக் காலண்டர் கொடுத்து, தன் வீட்டிலும் மாட்டினார். பொங்கல் கழிந்து யாரோ தாளைப் புரட்டிப் பார்க்க, ஊரே சிரித்தது. அவர் விருதுநகர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். முப்பதை ஏற்றுக்கொள்வது சாஃப்ட்வேர் பிழை என்றது அச்சகம். கேட்ட பிறகும் ஆம் என்று அமுக்கியது உபயோகித்தவர் தவறு என்றாள் மெகருன்னிசா. பிழை என்று தீர்ப்பானால் அவளுடைய இரண்டு கம்ப்யூட்டரும் ஜப்தியாகும். தவறு என்று தீர்ப்பானால் பாண்டிச்செல்விக்கு வேலை போகும். மூன்றாவது வழி இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அந்தப் பிப்ரவரியில் மெகருன்னிசாவின் அம்மா பர்ஹத் வயிற்றுக் கட்டியோடு படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமையைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழக்குக்காக வாங்கி வைத்த காலண்டர் ஒன்று வீட்டுச் சுவரில் தொங்கியது. வெள்ளி கழிந்த மறுநாள் காலை மெகருன்னிசா பழக்கத்தில் இருபத்தொன்பதைக் கிழித்தாள். அடியில் முப்பது இருந்தது. கிழமை இல்லை, ராகுகாலம் இல்லை, கட்டமெல்லாம் வெறுமை. அம்மா எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள்.

“வலி இல்லயாம்மா?”

“நீதான் எமகண்டமே போடலயேடி. எந்த நேரத்துக்கு வரணும்னு அதுக்குத் தெரியல.”

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். ஜெய்லானியை, முப்பது வருஷமாக மடிக்கத் தெரியாத கைலிக்காக ஒருமுறை வைதாள். சாயங்காலம், அந்த நாளை யார் அமுக்கியது என்று விசாரித்தாள். பேரைச் சொன்னதும், “அந்தப் புள்ள கைக்கு வளையல் வாங்கிப் போடுடி” என்றாள்.

அதே பகலில் சாத்தூர்ப் பக்கம் வேலைக்குக் கிளம்பிய பெண்கள், இந்தக் காலண்டரை மாட்டாத கம்பெனி இருந்த இடத்தில் வெறும் கரிசல்காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மத்தியானம் வரை தூங்கினார்கள். கம்பெனி காணாமல் போனதால் போக இடமில்லாத உக்கிரபாண்டி, மனைவி சண்முகத்தாயோடு பொழுதுக்கும் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மார்ச் ஒன்றாம் தேதி மதியத்துக்கு முன் பர்ஹத் அமைதியாகக் கண்ணை மூடி மௌத்தானாள்.

அடுத்த வாய்தாவில் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் கோர்ட்டு வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருத்தியும் பாண்டிச்செல்விக்கு ஒரு முழம் பூ கொண்டுவந்திருந்தாள். மெகருன்னிசா எழுந்தாள்.

“ஐயா, பிழை என் புரோகிராமோடது. அவுக மேல தப்பில்ல.”

பாண்டிச்செல்விக்கு ரோஷம் வந்துவிட்டது. “அதெப்படிங்கய்யா? அமுக்குனது என் விரலாக்கும்!”

உக்கிரபாண்டி கண்ணாடியைத் துடைத்தார். “ரெண்டு பேரும் உக்காருங்கத்தா. அச்சுக்கு முன்னால காட்டுன ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டவன் நானு. கண்ணாடி இல்லாமப் போட்டேன். அந்தத் தப்ப விட்டுக்கொடுக்க முடியாது.”

தப்பை அடுத்தவர் மேல் போடுகிறவர்களையே பார்த்துப் பழகிய நீதிபதி, நஷ்டப்பட்டவர் யாராவது உண்டா என்று மூன்று தடவை கேட்டார். வராந்தாவிலிருந்து பூ வாசம்தான் வந்தது. பிழை மெகருன்னிசாவுடையது, தவறான உபயோகம் பாண்டிச்செல்வியுடையது, கவனக்குறைவு உக்கிரபாண்டியுடையது. அந்த நாளுக்கு மூவரும் சமமாகப் பொறுப்பு. ஜப்தியும் இல்லை, வேலை நீக்கமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். வாசலில் வைத்து மெகருன்னிசா வளையலைப் போட்டுவிட்டாள். அளவு சரியாக இருந்தது.

புரோகிராமில் அவள் ஒன்றை மட்டும் மாற்றினாள்: கேள்வியைத் தமிழில் எழுதினாள். லீப் வருஷக் காலண்டர் ஆர்டர் சாத்தூரிலிருந்து வரும்போதெல்லாம் பாண்டிச்செல்வி வளையலை மேலே தள்ளிக்கொண்டு, ‘பிப்ரவரிக்கு முப்பது நாள், உறுதிதானா?’ என்பதை முழுசாகப் படித்துவிட்டு, ஆம் என்று அமுக்குகிறாள். உக்கிரபாண்டி கம்பெனியின் விடுமுறைப் பட்டியலில் பொங்கலுக்கு அடுத்து அந்தத் தேதி இருக்கிறது.