ராகுகாலத்துக்கு ஐந்து நிமிடம் முன்

எனக்குப் பஞ்சாங்கப் பைத்தியம் என்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்லுவார்கள். சொல்லட்டும். மூன்று வருடத்துக்கு முன்னர் நேரம் பார்க்காமல் புறப்பட்ட ஒரு சுற்றுலாவில், மாங்குளத்தடியில் சில்லு வெடித்து, நாற்பது பிள்ளைகளோடு உச்சி வெய்யிலில் மூன்று மணித்தியாலம் றோட்டோரம் நின்றவள் நான். அன்றிலிருந்து ராகுகாலம் பார்க்காமல் ஒரு கலியாண வீட்டுக்கும் போனதில்லை, ஒரு செத்த வீட்டுக்கும் போனதில்லை.

இந்த முறை, விடுமுறைக்குள் பத்தாம் வகுப்புச் சித்திரப் பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்கும், மறுநாள் கொழும்பில் ஓர் ஓவியக் கூடத்துக்கும் கூட்டிப்போவதென்று முடிவானது. பொறுப்பாசிரியை நான். துணைக்கு விஞ்ஞான ரீச்சர் யசிந்தா. முப்பத்தொரு பிள்ளைகளில் முதல் ஆளாகப் பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து நின்றவள் றொசாந்தி.

றொசாந்தி குருநகர்ப் பிள்ளை. தகப்பன் சூசைதாசன் கடற்றொழில் செய்பவர். வகுப்பில் வாய் திறக்கவே மாட்டாள். திறந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"ரீச்சர், உந்தப் படம் உண்மையிலை எவ்வளவு பெரிசு?"

பாடப்புத்தகத்தில் எல்லா ஓவியமும் தீப்பெட்டி அளவில்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இதையே கேட்பாள். "உது சோதினைக்கு வராது பிள்ளை, இரு" என்று நானும் கனதரம் எரிந்து விழுந்திருக்கிறேன். உண்மை என்னவென்றால் எனக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகத் தீப்பெட்டிகளைத்தான் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். குடை பிடித்து நிற்கும் மூன்று பெண்களின் படம் ஒன்று அந்தப் புத்தகத்தில் உண்டு. அதைப் பற்றிக் கேட்டபோது, "கொழும்புக்குப் போறம்தானே, நீயே அளந்து எனக்குச் சொல்லு" என்றேன். அடுத்த நாள் தாயின் தையல் அளவுநாடாவைச் சுருட்டிக் கொண்டுவந்து காட்டினாள்.

"அளக்க இது காணுமோ ரீச்சர்?"

"காணும், காணும். சுவரைப் பிடுங்கிக்கொண்டு வராட்டில் சரி" என்றேன். அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பேருந்து என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். ஞாயிறு பின்னேரம்தான் நாள்காட்டியைப் பார்த்தேன். திங்களில் ராகுகாலம் பிறப்பதே ஏழரைக்குத்தான். இதைக்கூட யோசிக்காமல் விட்டேனே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டு, ‘எல்லாரும் ஏழு மணிக்கு வரவும்’ என்று பெற்றோர்களின் வட்சப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. அதற்குப் பிறகு நிம்மதியாகப் பிட்டு அவித்தேன்.

காலை ஏழு இருபதுக்கு முப்பது பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். யசிந்தா வரவு இடாப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, றொசாந்தியைக் காணேல்லை. அவைக்கு நேரம் மாத்தினது தெரியுமோ?"

"குறூப்பிலை போட்டதுதானே."

"சூசைதாசன் அண்ணையட்டை இருக்கிறது பழைய பட்டன் போன் அக்கா. அவர் குறூப்பிலை இல்லை. ஒரு பத்து நிமிசம் பாப்பம்."

"பத்து நிமிசத்திலை ராகுகாலம் வந்திடும். பேந்து நடுவழியிலை நிண்டால் நீரோ பதில் சொல்லுவீர்?"

யசிந்தா ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் வேதக்காரப் பிள்ளை. ராகுவும் கேதுவும் அவளுக்கு ஒன்றுதான். ஆனாலும் என் வாய்க்குப் பயந்து பேசாமல் போய்ப் பின்னால் இருந்துவிட்டாள். சாரதி சிவகரன் தேங்காய் உடைத்தான். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறி, நான்கையும் நசித்துக்கொண்டு பேருந்தை எடுத்தான். நேரம் ஏழு இருபத்தைந்து.

தேசிக்காய் நசித்துப் புறப்பட்ட வாகனம் உடனே நிற்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். போன காரியம் பிழைத்துவிடும் என்பார்கள்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி முதல் சந்தியில் பேருந்து மெல்லத் திரும்பியது. நான் சாரதிக்குப் பின்னால் யன்னல் கரையில் இருந்தேன். எதிர் ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. சூசைதாசன் எழும்பி நின்று உழக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் மகளை ஏற்ற வந்திருக்கிறார். பின் கரியரில் றொசாந்தி, மடியில் பை, தலையில் புதுப் பூக்கிளிப். அவர் ஒரு கையை விட்டு உயர்த்தினார். கூப்பிடவில்லை. கையைத்தான் உயர்த்தினார், பேருந்து நிற்கும் என்ற நம்பிக்கையோடு.

நான் யன்னல் திரையை இழுத்து மூடினேன்.

கண்டால் நிற்பாட்ட வேண்டும், காணாவிட்டால் நிற்பாட்டத் தேவையில்லை. அந்தக் கணத்தில் என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. பிள்ளைகள் பாட்டும் கைதட்டலுமாக இருந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு கைப்பையில் தொலைபேசி இரண்டு தரம் அதிர்ந்தது. தெரியாத நம்பர். நான் எடுக்கவில்லை.

நிற்கக் கூடாத பேருந்து முறிகண்டிக் கோயிலடியில் கும்பிடவும் கச்சான் கடலை வாங்கவும் அரை மணித்தியாலம் நின்றது. என் பங்குக் கச்சானைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

பேராதனையில் பிள்ளைகள் மரங்களைக் கண்டு மலைத்துப் போனார்கள். ஒரு மரத்தைச் சுற்றிப் பதினாறு பேர் கைகோர்த்து நின்றார்கள். றொசாந்தி நின்றிருந்தால் இலையைக்கூட அளந்திருப்பாளே என்று நினைத்தேன். மறுநாள் ஓவியக் கூடத்தில் அந்தக் குடைப் பெண்கள் சுவரில் நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பயந்தே போனேன். அந்தப் பெண்கள் என்னைவிட உயரம். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். படம் என் கைகளைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் மிஞ்சியது. "தொட வேண்டாம்" என்றார் காவலாளி. தீப்பெட்டியைக் காட்டி இருபத்திரண்டு வருடம் சம்பளம் எடுத்தவள் அங்கே நின்று அழுதேன். தூசு என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று றொசாந்தி என் மேசைக்கு வந்தாள்.

"ரீச்சர், அண்டைக்கு எங்களைக் காணேல்லைத்தானே?"

முப்பது பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள்.

"இல்லைப் பிள்ளை. காணேல்லை."

"ஓம் ரீச்சர்" என்றுவிட்டுப் போய் இருந்தாள். படம் எவ்வளவு பெரிசு என்று அவள் கேட்கவில்லை. அதன் பிறகு எந்தப் படத்துக்கும் கேட்கவில்லை.

சுற்றுலாவில் கண்டதைக் கீறும்படி வகுப்புக்குச் சொன்னேன். போகாதவள் விரும்பியதைக் கீறலாம் என்றேன். ஒரு கிழமையில் கட்டாக வந்தது. பனை வரிசை, ஓர்க்கிட் பூ, தொங்கும் வௌவால், முப்பது பேரும் முப்பது பூங்கா. அடியில் றொசாந்தியின் தாள். பேருந்து ஒன்று சந்தியில் திரும்புகிறது. தாள் முழுக்கப் பேருந்துதான். மூலையில் ஒரு சைக்கிள், உயர்த்திய கை, தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவு. சாரதிக்குப் பின்னால் இருந்த யன்னல் மட்டும் வெறுமையாக இருந்தது. தாள் அந்த இடத்தில் தேய்ந்து மயிர் எழும்பியிருந்தது. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். அழித்த பென்சிலின் தடம் அழியவில்லை. மூக்குக்கண்ணாடி, பெரிய பொட்டு, திரையைப் பிடித்த கை.

இடைவேளைக்கு அவளைச் சித்திர அறைக்குக் கூப்பிட்டேன். தாளைக் காட்டினேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"முதல் ரீச்சரைக் கீறினனான். அப்பா கண்டிட்டு அழிக்கச் சொன்னவர். ரீச்சர் கண்டிருந்தால் கட்டாயம் நிப்பாட்டியிருப்பா, பெரிய ஆக்களைப் பற்றி அப்பிடிக் கீறக் கூடாது எண்டு பேசினவர்."

அரைப் பொய் சொல்லித் தப்பும் வயது எனக்கு இல்லை.

"கண்டனான் பிள்ளை" என்றேன். "உன்னையும் கண்டனான், அப்பாவையும் கண்டனான். நான்தான் திரையை மூடினனான். பின்னேரம் உங்கடை வீட்டை வந்து அப்பாட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருந்தது பயம்.

"வேண்டாம் ரீச்சர்" என்றாள். "அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. நிப்பாட்டுவியள் எண்டு நம்பித்தான் அவர் கை காட்டினவர்."

தாளை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.